வண்டல் போகுமிடம்

தெளிந்த நீரைக் கண்டதும் மனத்தில் தானாக எழும் மகிழ்ச்சியை நான் ஐயுறத் தொடங்கியது எப்போதிலிருந்து என்று சுட்டிச் சொல்ல இயலவில்லை. ஒரு சம்பவத்தால் விளைந்த ஐயமன்று அது; கோலாலம்பூரைச் சூழ்ந்த இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நெடுங்காலம் வாழ்ந்து, இங்குள்ள நீரையெல்லாம், குழாயில் வருவதையும், கால்வாயில் ஓடுவதையும், ஹோட்டல் முற்றங்களில் நீல ஓடு பதித்த தொட்டிகளில் அசையாது கிடப்பதையும் பார்த்துப் பார்த்து மெல்லச் சேர்ந்த சஞ்சலம். அடித்தளம் வரையில் தெரியும்படி ஸ்படிகமாக நிற்கும் ஒரு நீர்ப்பரப்பின் எதிரே நின்றால், முன்பெல்லாம் உண்டான ஆறுதலுக்குப் பதிலாக இப்போது ஒரு கேள்வி எழுகிறது: இந்த நீரை விட்டு நீங்கிய கலங்கல் இந்நேரம் எங்கே இருக்கிறது? அது இல்லாமற் போய்விட்டது என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உதிர்ந்த இலை, காற்றில் வந்த புழுதி, ஈசலின் இறகு, குளித்தவர் மேனியின் எண்ணெய், மழையோடு இறங்கிய புகைக்கரி ஆகிய இவற்றில் எதுவும் சூனியமாகி விடுவதில்லை. உருமாறுகின்றன, இடம் மாறுகின்றன. நம் பார்வையை விட்டு அகன்றதையே நாசம் என்று கொண்டு நிம்மதியடையும் பழக்கம் நமக்கு எவ்வளவு எளிதாக வாய்த்துவிட்டது என்று எண்ணும்போது, தெளிவு என்ற சொல்லை உச்சரிக்கவே சற்றுத் தயக்கமாக இருக்கிறது.

இந்தத் தயக்கத்துக்கு ஓர் உருவம் கிடைத்தது பத்துமலைக்கு அண்மையில், கோம்பாக் பக்கத்தில், எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தின் பழைய பங்களாவின் பின்கட்டில். அங்கே நின்று தலை நிமிர்ந்தால் மரங்களுக்கு மேலாகச் சுண்ணாம்புக் குன்றின் வெளிறிய செங்குத்துப் பாறை தெரியும். தலை குனிந்தால் ஒரு நீச்சல் குளம். எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் கொண்டது. ஏறத்தாழ 48,000 லிட்டர் நீர் பிடிக்கும். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது கட்டியது. பிள்ளைகள் கடல் கடந்து போனார்கள், வீட்டுக்குரியவர் காலமானார், பம்பு ஒருநாள் நின்றது, அதைப் பழுது பார்க்கும் அவசியம் எவருக்கும் தோன்றவில்லை. அப்படி விடப்பட்ட நீர் இந்தச் சீதோஷ்ணத்தில் அடையும் விகாரங்களை நான் வெவ்வேறு பருவங்களில் அங்கே போய் வந்தபோது கண்டிருக்கிறேன். முதலில் அதன் நீலம் மங்கி, ஓரங்களில் ஓட்டின் இணைப்புகளை ஒட்டி விரலால் தொட்டால் வழுக்கும் மென்பச்சை படர்ந்தது. பிறகு அப்பச்சை நடுவுக்கு வந்தது. பிறகு அங்சானா மரத்தின் பொன்னிறப் பூக்கள் உதிர்ந்து, மிதந்து, பழுப்பேறி, மூழ்கி, அடியில் ஒரு கரிய மெத்தையாகப் படிந்தன. ஒவ்வொரு நாளும் பிற்பகலில் இடியோடு வரும் மழை அந்த மெத்தையைக் கலக்கி விட்டது. தட்டான்கள் வந்தன, தவளைகள் முட்டையிட்டன, கொசுவுக்கு அஞ்சி யாரோ கொண்டுவந்து விட்ட கப்பி மீன்கள் நூறாகப் பெருகின. வெயில் ஏறிய நேரத்தில் அதிலிருந்து எழும் மணம் துர்நாற்றம் என்று சொல்லத்தக்கதன்று. ஈரமண்ணும் அழுகிய பழமும் சற்றே இரும்பும் கலந்தது போன்ற, உயிர் மிகுதியின் மணம் அது. உண்மையைச் சொன்னால் அக்குளம் செத்துக் கிடக்கவில்லை. அளவுக்கு மிஞ்சி வாழ்ந்துகொண்டிருந்தது. ஆனால் அடி தெரியாத நீர் மனிதக் குழந்தைக்கு ஆபத்து. உள்ளே ஒன்று விழுந்து மூழ்கினால் கரையில் நிற்பவர் கண்ணுக்குப் படாது. அண்டை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் சிறுவன் ஒருநாள் வேலியோரம் நின்று தவளையைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட பின்புதான், அந்த வீட்டு அம்மாள் குளத்தைத் தெளிய வைத்தே தீருவது என்று தீர்மானித்தார். நீரை மொத்தமாக வடித்துவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. மழை பெய்து நிலத்தடி நீர் ஏறியிருக்கும் காலத்தில் வெறுமையான குளத்தைக் கீழிருந்து நீரே மேலே உந்தித் தூக்கிச் சுவரைப் பிளந்துவிடும். ஆதலால் நீரை வைத்துக்கொண்டுதான் நீரைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

வேலைக்கு வந்தவர் அறுபதைக் கடந்தவர். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, அந்தத் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்ட பின் கோலாலம்பூருக்கு வந்து, பிறர் வீட்டுக் குளங்களைப் பராமரித்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். நீரைப் பற்றி அவரளவுக்கு அறிந்த ஒருவரை நான் படித்தவர்களிடையே கண்டதில்லை. முதல் நாள் வந்ததும் அவர் மருந்து எதையும் தொடவில்லை. நீண்ட கழியில் கட்டிய வலையால் மிதப்பதையும் அமிழ்ந்ததையும் அள்ளி அள்ளிக் கரையில் குவித்தார். மீன்களையும் தலைப்பிரட்டைகளையும் இயன்ற மட்டும் பிடித்து வாளியில் விட்டார். சுவர்களை விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்தார். பாசியின் மேற்புறத்தில் ஒரு வழுவழுப்பான உறை இருக்கிறதென்றும், தேய்த்து அதைக் குலைத்தாலன்றிக் குளோரின் உள்ளே இறங்காதென்றும் சொன்னார். நீரின் காரத்தன்மையைச் சோதித்து அமிலம் ஊற்றிக் குறைத்த பின்னரே, பொழுது சாய்ந்து வெயில் அடங்கிய வேளையில், குளோரின் தூளை வாளியில் கரைத்துச் சுற்றிலும் தெளித்தார். அந்த வரிசைக்கும் வேளைக்கும் காரணம் உண்டு. குளோரினில் கிருமியைக் கொல்லும் கூறு பிஎச் 7.5 என்னும் நிலையில் ஏறத்தாழ பாதியளவே இருக்கும். காரம் கூடக் கூட அது இன்னும் அருகிப் போகும். வெயிலோ, காப்புப் பொருள் ஏதும் கலவாத குளோரினைச் சில மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அழித்துவிடும். மூக்கைத் துளைக்கும் நெடியைச் சுத்தத்தின் அடையாளம் என்று நாம் எண்ணுகிறோம். அது வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செயலிழந்துபோன குளோரினின் நெடி என்பதையும், நன்றாக இருக்கும் குளம் அநேகமாக மணப்பதே இல்லை என்பதையும் அவரிடமிருந்துதான் அறிந்தேன்.

மறுநாள் காலையில் பச்சை போயிருந்தது. ஆனால் குளம் தெளியவில்லை. அரிசி களைந்த நீரைப் போல, சாம்பல் கலந்த வெண்மையாக, கையை முழங்கை வரை விட்டால் விரல் நுனி தெரியாத மூட்டமாக இருந்தது. அம்மாளின் முகம் வாடிற்று. முன்பிருந்த பச்சையிலாவது ஒரு வனப்பு இருந்தது என்று எனக்கும் தோன்றியது. "பச்சையக் கொல்றது ஒரு ராத்திரி வேலைதாம்மா. செத்ததத் தூக்கி வெளிய போடறதுதான் பெரிய பாடு," என்றார் வேலைக்காரர், வெகு சாதாரணமாக. அந்த வாக்கியம் என்னுள் தங்கிவிட்டது. கொல்வதற்கும் தெளிவதற்கும் இடையே இத்தனை தூரம் உண்டு என்பதை அதுவரையில் நான் சிந்தித்ததில்லை. செத்த பாசியின் துகள்கள் மிக நுண்ணியவை. மணல் வடிகட்டி இருபது முப்பது மைக்ரான் அளவுள்ளதைப் பிடிக்கும். அதனினும் சிறியவை மணலினூடே புகுந்து மறுபடியும் குளத்துக்கே திரும்பிவிடும். அவை தாமாகக் கீழே படியவும் மாட்டா. ஏனெனில் அத்துகள்கள் ஒவ்வொன்றின் மேலும் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, சேரவும் முடியாமல் விழவும் முடியாமல், நீரின் நடுவே காலவரையின்றித் தொங்கிக்கொண்டிருக்கும். கலங்கல் என்று நாம் கண்ணால் காணும் ஒற்றைப் பொருள், சூக்ஷ்மத்தில் நோக்கினால், ஒன்றையொன்று அண்டவிடாத கோடிக்கணக்கான தனிமைகளின் கூட்டம். அங்கே வேண்டியது இன்னொரு கடுமையான மருந்தன்று. அவற்றின் விலக்கத்தைத் தணித்து ஒன்றுசேர்க்கும் ஒரு பொருள். அவர் படிகாரக் கட்டிகளைப் பொடித்துக் கரைத்து ஊற்றினார், பழுது நீக்கியிருந்த பம்பைச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தினார், இரவு முழுவதும் எவரும் நீரைத் தொடக் கூடாது என்று சொல்லிப் போனார். அவருடைய தாயார் தோட்டத்து லயத்தில், மழைக்காலத்தில் செம்மண் நிறமாக வரும் ஆற்று நீரைத் தகரப் பீப்பாயில் பிடித்து, ஒரு படிகாரத் துண்டை உள்ளே சுழற்றிவிட்டுக் காலை வரை மூடி வைப்பாராம். படிகாரத்திலுள்ள அலுமினியம் நீரில் கூழ்போன்ற மெல்லிய செதில்களாக மாறி, மின்னூட்டத்தைச் சமன் செய்து, துகள்களைத் தன்னோடு அணைத்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்குகிறது. கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் குடிநீர் தரும் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதே காரியம்தான் பேரளவில் நடக்கிறது.

நம் முன்னோர் இதற்குத் தேற்றாங்கொட்டையைக் கையாண்டார்கள். எட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்ததே தேற்றான். நஞ்சுக்குப் பேர்போன ஒரு குலத்தில் நீரைத் தெளிவிக்கும் விதையும் பிறந்திருக்கிறது. மண்பானையின் உட்புறத்தில் அக்கொட்டையை இழைத்துவிட்டு நீரை ஊற்றி வைத்தால் அழுக்கு அடியில் படியும். முருங்கை விதையும் இத்தொழிலைச் செய்யும். அதிலுள்ள நேர்மின்னூட்டப் புரதங்கள் எதிர்மின்னூட்டத் துகள்களை இழுத்துத் திரட்டுகின்றன. சங்கரர் இயற்றியதாக வழங்கும் ஆத்மபோதத்தில் இந்தத் தேற்றாம்பொடி ஞானத்துக்கு உவமையாகிறது: அஞ்ஞானத்தால் கலங்கிய ஜீவனைச் சுத்தமாக்கிய பின் ஞானமும், நீரைத் தெளிவித்த பொடியைப் போலத் தானும் மறைந்துவிடும் என்பது அதன் கருத்து. இளமையில் அந்த உவமையைக் கேட்டபோது அதன் நேர்த்தி என்னை வசீகரித்தது. கருவி தன்னையும் அழித்துக்கொள்ளும் என்பதில் ஒரு பெருந்தன்மை தெரிந்தது. இப்போது அந்தக் குளக்கரையில் நின்று அதை மறுபடி நினைத்தபோது, பொடி மறையவில்லையே என்று மனம் முரண்டு பிடித்தது. பொடி அழுக்கைத் தழுவிக்கொண்டு அழுக்கோடு அழுக்காக அடியில் கிடக்கிறது. குடத்து நீருக்கு அது பிழையில்லை. மேலே தெளிந்ததை மெல்லச் சாய்த்து வேறு பாத்திரத்தில் எடுத்துக்கொள்ளலாம். சாய்க்க முடியாத பாத்திரம் என்றால் என்ன செய்வது? அடித்தளத்தில் காலூன்றித்தான் இறங்க வேண்டிய நீர் என்றால், முதல் அடி வைத்ததும் படிந்தது முழுவதும் புகையாக எழும்புமே. வேதாந்தியின் உவமையைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. அவர் சுட்ட விரும்பியது வேறு. ஆனாலும் படிவதையே நீங்குவதாகக் கொள்ளும் ஒரு சலுகையை அந்த உவமை நமக்கு அளித்துவிட்டதோ, தனிமனித சித்தத்தைப் பற்றி மட்டுமன்றி நம் ஊர்களைப் பற்றியும் அப்படியே எண்ணப் பழகிவிட்டோமோ என்ற எண்ணம் என்னை விடுவதாயில்லை.

அதற்கு மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விட்டுவிட்டால் கலங்கும் நீர் இருப்பது போல, விட்டுவிட்டதனாலேயே தெளிந்த நீரும் இந்த நாட்டில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஈயத்துக்காகத் தோண்டப்பட்ட பள்ளத்தாக்கு இது. ஈயம் கழுவிய சேற்று நீர் ஓடைகளை அடைத்து, ஆறுகளின் படுகையை உயர்த்தி, வெள்ளத்தைப் பெருக்கியது. மண்ணைப் பீய்ச்சிக் கரைத்துப் பலகைச் சரிவில் ஓடவிட்டு ஈயத்தைப் பிரித்த பின் மிஞ்சிய நுண்களிமண்தான் அந்தக் கலங்கலின் சாரம். ஈயத்தொழில் ஓய்ந்தது, கைவிடப்பட்ட குழிகளில் மழைநீர் நின்றது, களிமண் தன் போக்கில் ஆண்டுக்கணக்காக இறங்கி, இறுதியில் அவை நீலமாகவோ பசுமை தோய்ந்தோ விளங்கும் ஏரிகளாயின. இன்று குடும்பங்கள் படகு விட்டு மகிழும் தித்திவங்சா ஏரி அத்தகைய ஈயக்குட்டையே. சன்வேயில் கேளிக்கை நீர்ப்பூங்கா இருக்குமிடமும் ஓர் ஈயச்சுரங்கத்தின் குழியே. ஆகவே காலமும் ஒரு தேற்றாங்கொட்டைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அவற்றின் அடியிலும் வண்டல் இருக்கிறது. அதன் மேல்தான் படகு செல்கிறது. இதற்கு மறுபுறமாக, கண்ணுக்குத் தெளிவாயிருந்தும் தீண்டத் தகாத நீர் உண்டு. 2020 செப்டம்பர் மாதத்தில் ரவாங் பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவொன்று சுங்கை கோங் என்னும் சிற்றாற்றின் வழியாகச் சிலாங்கூர் ஆற்றில் கலந்தபோது, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 12 இலட்சம் கணக்குதாரர்களுக்குக் குழாய் வற்றிற்று. அன்று நீரைக் கெடுத்தது நிறமன்று, நாற்றம். படிகாரத்துக்கு அடங்காத கலங்கல் அது. கரைந்துவிட்டதைத் திரட்டிக் கீழே இறக்க முடியாது. பத்துமலைக் குகையின் கூரையிலிருந்து சொட்டும் துளியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது கோடி ஆண்டுப் பழமையுள்ள அச்சுண்ணாம்புப் பாறையினூடே வழிந்து, விளிம்பில் ஒரு கணம் நின்று, ஒளி படும்போது அதைப் போல் தூய்மையானது வேறில்லை என்று தோன்றும். அதன் உள்ளே கல் கரைந்திருக்கிறது. விழுமுன் சிறிது கல்லை மேலேயும், விழுந்த பின் சிறிது கல்லைக் கீழேயும் விட்டுச் செல்வதனாலேயே அங்கே பாறை விழுதுகள் மேலிருந்து தொங்கவும் கீழிருந்து எழவும் செய்கின்றன. அதே சுண்ணம், பராமரிப்புத் தவறிக் காரமும் கூடிவிட்ட நீச்சல் குளத்தில், பளிங்காக இருந்த நீரை ஒரே நாளில் பாலாக்கிவிடும். கண் எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சியல்ல என்று பிரித்தறிவது அவ்வளவு எளிதாக இல்லை.

இரவு கழிந்து, மூன்றாம் நாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது நீர் தெளிந்திருந்தது. அடியிலுள்ள வடிகால் மூடியின் திருகுகளைக்கூடக் கரையில் நின்றபடி எண்ணலாம். ஆனால் தளம் முழுவதும் விரல்கனத்துக்கு வெளிறிய பஞ்சு விரித்தாற்போன்ற வண்டல். இனி அதை உறிஞ்ச வேண்டும். வடிகட்டியின் வழியாகச் செலுத்தினால் மணல் அடைத்துக்கொள்ளும், நுண்ணியது திரும்பவும் வரும். எனவே வால்வைக் கழிவு என்ற நிலைக்குத் திருப்பி, வண்டலோடு சில ஆயிரம் லிட்டர் நீரையும் சேர்த்து வெளியே தள்ளுவதே முறை. வெளியே என்றால் எங்கே? வழக்கமாக எங்கே விடுவீர்கள் என்று கேட்டேன். "லோங்காங்தான் ஐயா. எல்லா வீட்லயும் அதான்," என்றார். வீட்டின் பின்னே ஓடும் சிமெண்டுக் கால்வாய்க்கு ஒரு குழாய் நீட்டினால் அரை நாளில் காரியம் முடிந்துவிடும், குளம் தெளிந்துவிடும், அம்மாள் மகிழ்வார். என் பழைய கேள்வி அங்கே, அந்தக் கால்வாயின் விளிம்பில், உருவெடுத்து என் முன்னே நின்றது. ஏனெனில் அந்தக் கால்வாய் எங்கே போகிறது என்பதை அறியாதவர்கள் அல்லோம் நாங்கள் மூவரும். அது சுங்கை பத்துவுக்குப் போகிறது. மேலே மலைகளில் ஊறி, 1987இல் கட்டி முடிந்த பத்து அணையில் தேங்கி, அங்கிருந்து இறங்கிப் பத்துமலை அடிவாரத்தை ஒட்டி ஓடும் அதே ஆறு. தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர்கள் அலகு குத்திக்கொள்ளும் முன் எந்த ஆற்றங்கரையில் நீராடுகிறார்களோ, அதே ஆறு. 1892 முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. ஜாலான் துன் எச். எஸ். லீயிலுள்ள மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளித் தேர் இரவெல்லாம் நடந்து வந்து சேரும் அவ்விழாவுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுகின்றனர். நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து, ஒருவேளை உண்டு, தரையில் படுத்து, உடலையும் உள்ளத்தையும் ஒடுக்கி வரும் ஒருவர் அன்று விடியற்காலையில் தலையில் ஏற்கும் நீர் இது. இப்போது அவர்கள் பெரும்பாலும் கரையில் அமைத்த குழாய்களின் கீழ் நின்று குளித்துவிட்டு ஏறுகிறார்கள். ஆறு பக்கத்தில் சிமெண்டுக் கரைகளுக்கிடையே தன் நிறத்தோடு போய்க்கொண்டிருக்கிறது. ஓர் ஆற்றின் கரையில் நின்றுகொண்டு குழாய் நீரில் தீர்த்தமாடும் நிலைக்கு நாம் வந்ததை எவரும் ஒரு நாளில் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுப் பின்கட்டிலிருந்தும், ஒவ்வொரு பட்டறையிலிருந்தும், ஒவ்வொரு உணவுக்கடையின் எண்ணெய்ச் சட்டியிலிருந்தும் அரை நாளில் முடித்துக்கொண்ட காரியங்கள் சேர்ந்து அதைத் தீர்மானித்தன.

அங்கிருந்து அந்நீர் கோம்பாக் ஆற்றோடு சேர்ந்து, மஸ்ஜித் ஜாமெக்கின் காலடியில் கிள்ளான் ஆற்றில் கலந்து, பிரிக்பீல்ட்ஸின் ஓரமாக ரயில் பாலங்களின் கீழே நழுவி, கிள்ளான் நகரைக் கடந்து மலாக்கா நீரிணைக்குப் போய்ச் சேருகிறது. அரசாங்கம் வாளாவிருந்ததென்று சொல்வது அநியாயம். 2011இல் தொடங்கப்பட்ட ‘ரிவர் ஆஃப் லைஃப்’ திட்டத்துக்கு 440 கோடி ரிங்கிட் மதிப்பிட்டார்கள். 110 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறுகளைத் துப்புரவாக்கி, மனித உடல் தீண்டத்தக்க தரத்துக்கு உயர்த்துவதே அதன் குறிக்கோளாக இருந்தது. 1909இல் எழுந்த அந்தப் பள்ளிவாசலின் முன்னே இரு ஆறுகள் கூடுமிடத்தில் 2017 முதல் மாலைதோறும் நீல விளக்குகளும் செயற்கைப் பனிமூட்டமும் காட்சி தருகின்றன. மக்கள் திரண்டு நின்று பார்க்கிறார்கள், குழந்தைகள் ஆரவாரிக்கிறார்கள், அது நல்லதுதான். ஆற்றங்கரைக்கு மக்களை மறுபடி வரவழைத்ததே ஒரு சாதனை என்று நான் மெய்யாகவே கருதுகிறேன். 2019இல் கிள்ளான் ஆற்றில், கடலுக்குப் போகுமுன் குப்பையைத் தடுத்து அள்ளும் ஒரு மிதக்கும் எந்திரத்தை ஒரு டச்சு அமைப்பு கொண்டுவந்து நிறுத்தியது. இத்தனை பிரயாசையும் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நடக்கிறது. கலங்கலோ மேலே, தனித்தனி வேலிகளுக்குள்ளே, தத்தம் முற்றம் பளிச்சென்றிருக்க வேண்டும் என்ற நியாயமான ஆசையிலிருந்து பிறக்கிறது. அந்த ஆசையைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு சிறுவன் மூழ்கிவிடக் கூடாதென்று அஞ்சிய தாயுள்ளத்தில் பிழை என்ன காண்பது? செலவைக் குறைக்க விழையும் கூலியாளிடத்தில்தான் என்ன பிழை? ஆனால் ஒரு வீட்டின் தெளிவு அடுத்த வளைவில் நிற்பவனின் கலங்கலாக ஆகும்போது, அத்தெளிவைத் தெளிவு என்று கணக்கில் எழுதுவது எவ்வகையில் நேர்மை என்பதற்கு என்னிடம் விடையில்லை.

குழாயைக் கால்வாய்க்கு நீட்ட வேண்டாம் என்று நான் சொன்னதும், அம்மாள் உடனே, அப்படியானால் தோட்டத்தில் ஆழமாக ஒரு குழி தோண்டி அதில் விட்டுவிடலாமே என்றார். அதுவே சரியென்று எனக்கும் ஒரு கணம் பட்டது. பூமித்தாய் எல்லாவற்றையும் செரித்துக்கொள்வாள் என்ற நம்பிக்கை நம் ரத்தத்தில் ஊறியது. மறுத்தவர் வேலைக்காரர்தான். "இது சுண்ணாம்புப் பூமிம்மா. அடியில எல்லாம் பொந்து. குழியில ஊத்துனா எங்க போய் வெளிய வரும்னே தெரியாது," என்றார். அவர் சொன்னது முற்றும் மெய். கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையின் மேல் அமர்ந்திருக்கிறது; நம் கண்முன்னே குன்றாக நிமிர்ந்து நிற்பது எதுவோ, அதுவே மண்ணுக்கடியில் பிளவுகளும் குகைகளுமாகப் பரந்து கிடக்கிறது. மணலும் களிமண்ணும் நீரைச் சிறுகச் சிறுக வடிக்கும். சுண்ணாம்பின் பிளவோ எதையும் வடிக்காமல் ஓடைக்கும் ஊற்றுக்கும் நேரே கொண்டு சேர்த்துவிடும். கால்வாயில் விட்டால் கண்ணுக்குத் தெரிந்து ஆற்றுக்குப் போகிறது, குழியில் விட்டால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, வேறுபாடு அவ்வளவுதான். அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். வாழைக்கும் வேலிக்கும் நடுவே கிடக்கும் புல்தரையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரப்பு கட்டி, முதலில் சில நாள் மருந்து போடாமல் விட்டு வெயிலில் குளோரின் வற்றிய பின், ஒவ்வொரு காலையிலும் சிறிதளவு வண்டலை மட்டும் உறிஞ்சி அங்கே மெல்லிய படலமாகப் பரப்புவது. புல்லின் வேரும் மேல்மண்ணும் நீரை வாங்கிக்கொள்ளும். காய்ந்து ஏடாக எழும்புவதைச் சீவிச் சாக்கில் கட்டிக் குப்பை லாரிக்குக் கொடுப்பது. அந்தச் சாக்கு பிறகு எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவரிடம் கேட்க வேண்டியதன்று. நாள்கணக்கில் இழுக்கும் வேலை அது. பிற்பகல் மழை முந்திக்கொண்டால் வரப்பு உடைந்து எல்லாம் கால்வாய்க்கே போய்விடும். ஆதலால் மழைக்கு முன் முடித்து, மீந்த இடத்துக்குத் தார்ப்பாய் போர்த்த வேண்டும். இடையில் குளத்தில் மறுபடியும் பச்சை தலைகாட்டலாம். இத்தனைக்கும் கூடுதல் கூலி எவ்வளவு ஆகுமென்று அவர் கூச்சத்தோடு சொன்னார். அம்மாள் மனத்துக்குள் கணக்குப் பார்த்துவிட்டு, சரி தம்பி, செய்யுங்கள் என்றார். வரப்புக்கு மண் அந்த வீட்டிலேயே இருந்தது. இருக்கிற குழாய் வாழை வரையில் எட்டாது. திங்கட்கிழமை வரும்போது செந்தூலிலிருந்து இன்னும் பத்து மீட்டர் வாங்கி வருவதாகச் சொல்லி அவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.